மணி அடித்தால் அக்கா வருவாள்

என் அக்காவுக்கு ஊரெல்லாம் தம்பி தங்கைகள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தெருவில் எனக்குத் தங்கச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பல் முளைக்காத குழந்தைக்கும் நான் தங்கச்சி, பல் விழுந்த பெரியவருக்கும் தங்கச்சி. அக்கா மட்டும் என்னை மிளகாய் என்பாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிறது என்பது அவளுடைய கட்சி. இல்லை என்று நான் கத்துவேன். அவள் சிரிப்பாள்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமே வேண்டாம் என்றாள். நான் செய்துகொண்டு, அவர் போய்ச் சேர்ந்த பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வந்துவிட்டேன். எங்கள் தெரு முனையில் சர்ச்சு. ஞாயிறு காலையில் முதல் மணி விழும்போது அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். மணி ஓயும்போது பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்றிருப்பாள். எனக்கு ஆண்டவரோடு சண்டை ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தோடு நட்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். "நீ தூங்கு மிளகா. உனக்கும் சேத்து நானே பாடிட்டு வந்துடறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போவாள். ஆராதனை முடிந்து வீடு திரும்பும்வரை வாயில் ஒரு பருக்கை போடமாட்டாள். வெறும் தண்ணீர்தான்.

மறதி முதலில் சமையலறைக்குத்தான் வந்தது. உப்பு டப்பா குளியலறையில் கிடந்தது. சோப்பு குளிர்பெட்டியில் கிடந்தது. பிறகு வாசலில் யாராவது அழைப்புமணியை அழுத்தினால் கதவைத் திறந்து, "எக்ஸ்சேஞ்ச். எந்த நம்பர் வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்றால், அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போய், வீட்டுக்கு வர வழி தெரியாமல் நின்ற அன்றைக்கு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். முன்னால் அழகழகாக ஃபிரேம் அடுக்கியிருக்கும் இடத்தில் இல்லை. பின்னால், லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்தும் மெஷின் பக்கத்தில். நான் வேலையை விட்டால் இரண்டு பேரும் காற்றைக் குடித்துத்தான் வாழ வேண்டும். அக்காவை உள்ளே வைத்துப் பூட்டினால், கை வீங்கும்வரை கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணு, கூட எப்பவும் ஆள் வேணும். இல்லேன்னா காப்பகத்துல சேத்துடுங்க." காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. வரிசையாக நாற்காலி, நாற்காலிக்கு ஒரு ஆள், எல்லாரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு. அக்காவை அங்கே விடுவதற்கு எனக்கு மனசு இல்லை. அவள் வீட்டில் இருக்க வேண்டும், நான் வேலைக்கும் போக வேண்டும். என் பிரச்சினை மொத்தமும் இதுதான். இதற்குத்தான் அத்தனை பேரும் சேர்ந்து பாடுபட்டார்கள்.

பாடுபட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சர்ச்சு பாஸ்டரும் தெரு நலச் சங்கச் செயலாளரும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் தெருவில் கண்ட இடத்தில் காரை நிறுத்துகிறார்கள் என்று செயலாளர் கத்துவார். சங்கக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு, கடவுளுக்கே நாங்கள் மெதுவாகத்தானே சொல்கிறோம் என்று பாஸ்டர் திருப்பிக் கேட்பார். இந்த இரண்டு பேரும் ஒரு மாலையில் சேர்ந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, சர்ச்சுல ஹால் சும்மாதான் கெடக்கு. பகல்ல அக்கா அங்க இருக்கலாம்" என்றார் பாஸ்டர்.

"ஆள் நாங்க தரோம். முறை வச்சுப் பாத்துக்கறோம்" என்றார் செயலாளர். "உங்க அக்கா எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப, எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்த நேரம், லைன் கெடைக்கலன்னு நான் அழுதேன். அவங்கதான் எங்கெங்கயோ சுத்தி லைன் வாங்கிக் குடுத்தாங்க. மறக்க முடியுமா?"

இப்படி ஆளுக்கு ஒரு கதை இருந்தது. காலையில் வேகநடை போகும் பெண்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் தலைவி, நடந்தே பாதி உடம்பைக் கரைத்த அம்மா, பகல் நேரத்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். சர்ச்சுக்கு வெளியே, பெரிய ரோட்டை ஒட்டி இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டு ஓட்டுநர்கள், அக்காவை எங்கே பார்த்தாலும் ஏற்றிக்கொண்டு வந்து விடுவதாகச் சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயரே 'அக்கா'தான். கண்ணாடிக் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு அவ்வப்போது பார்ப்பேன். 'அக்கா பிஸ்கட் சாப்பிட்டாச்சு.' 'அக்கா பாடறாங்க.' 'அக்கா என்னைத் திட்டறாங்க, சந்தோஷமா இருக்காங்க.' எனக்கு அழுகை வரும், பக்கத்தில் இருப்பவரிடம் கண்ணில் லென்ஸ் தூள் என்பேன்.

மணி விஷயம் தானாக நடந்தது. ஒரு மத்தியானம் அக்கா ஹாலிலிருந்து நழுவிவிட்டாள். ஆளாளுக்கு நாலு பக்கமும் ஓடித் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த நேரம் யாருக்கோ அடக்க ஆராதனை. மணிக்காரர் கயிற்றை இழுத்தார். மணி ஓய்வதற்குள் அக்கா சர்ச்சு வாசலில் நின்றாள், கைப்பையும் பாட்டுப் புத்தகமுமாக, தலையைக் கையால் சரிசெய்துகொண்டு. எங்கே போயிருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மணி அடித்தால் எங்கே போக வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு அழியவில்லை.

செயலாளர் துள்ளிக் குதித்தார். "அட, இது தெரியாம நாம தெருத் தெருவா ஓடறோமே! மணியை அடிச்சா வந்துடறாங்க!"

"நடுவுல பெரிய ரோடு இருக்கே. அந்தப் பக்கம் இருந்தா?" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போதே அதுதான் பயம்.

டாக்ஸி ஸ்டாண்டில் மூத்தவர் ஒருவர், அதிகம் பேசாதவர், எழுந்து நின்றார். வண்டி துடைக்கும் சிவப்புத் துணியைத் தோளிலிருந்து எடுத்துக் காட்டினார். "மணி சத்தம் கேட்ட உடனே நான் ரோட்டு நடுவுல நிப்பேன் தங்கச்சி. அக்கா தாண்டற வரைக்கும் ஒரு வண்டி நகராது. என்னைத் தாண்டித்தான் நகரணும்."

சொன்னபடி நின்றார். அதற்குப் பிறகு மணி அடித்த ஒவ்வொரு தடவையும் அவர் துணியை விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றார். பேருந்து நின்றது, லாரி நின்றது, பெரிய பெரிய கார்களெல்லாம் நின்றன. அக்கா யாரையும் பார்க்காமல், நேராக, ராணி மாதிரி நடந்து வருவாள். தெருவில் அவருக்குக் கொடிக்காரர் என்று பெயர் வந்தது. நாளாக ஆக, மணிச் சத்தம் கேட்டால் யாருக்கும் பதற்றம் வரவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து சர்ச்சு வாசலில் கூடுவார்கள். அக்கா வந்ததும் கை தட்டுவார்கள். ஆராதனைக்குக் கூட்டம் சேர்ந்திருக்கிறது என்று நினைத்து அவள் எல்லாருக்கும் தலை அசைப்பாள், ஒரு பாட்டுப் பாடுவாள். தேநீர் வரும். காணாமல் போன ஒருத்தி கிடைப்பதைப் பார்ப்பது நல்ல விஷயம்தானே, யாருக்குத்தான் பிடிக்காது? நானே ஒருமுறை கடைக்கு லீவு போட்ட நாளில் நின்று கை தட்டியிருக்கிறேன்.

இந்தச் செய்தி வெளியே பரவியது. சர்ச்சும் சங்கமும் சேர்ந்து ஒரு மனுஷியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாமே, நாங்களும் எங்கள் பகுதியில் செய்யலாமா என்று வேறு சபைகளிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் கேட்டார்கள். நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். செயலாளர் ஹாலுக்குப் புது விளக்கு மாட்டினார். பாஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். "தங்கச்சி, நீங்களும் வந்து நாலு வார்த்தை பேசணும்" என்றார்கள். மேடையேறிப் பேசும் ஆளா நான்? ஆனால் அவ்வளவு செய்தவர்களுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடையில் சொல்லிவிட்டு மத்தியானமே பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போது போனில் செய்தி வந்தது. 'அக்கா வெளிய போயிட்டாங்க. மணி அடிக்கிறோம். கவலைப்படாதீங்க.'

நடந்ததைப் பிறகு எல்லாரும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். வந்தவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்ய வேண்டும் என்று வேகநடைத் தலைவி அவளை ஹாலின் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறாள். வரவேற்புரை நீண்டிருக்கிறது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. யாரும் பயப்படவில்லை. சொல்லப்போனால், செயலாளர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது. "இப்ப நீங்களே பாருங்க" என்று விருந்தாளிகளை வாசலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். மணிக்காரர் கயிற்றைப் பிடித்தார். விருந்தாளிகளில் ஒரு அம்மா கொடிக்காரரிடம், "ஐயா, நீங்கதான் வண்டியை நிறுத்தறவரா? அந்தத் துணியோட ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். வாழ்க்கையில் யாரும் அவரைப் படம் எடுக்கக் கேட்டதில்லை. சர்ச்சுச் சுவர் ஓரமாக நின்று துணியை விரித்திருக்கிறார். அவர் ரோட்டில் நிற்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒரு படம்தானே, அக்கா இந்தப் பக்கம்தான் இருப்பாள் என்று அவர் நினைத்தார்.

அக்கா அந்தப் பக்கம் இருந்தாள்.

நான் பார்த்தேன். எங்கள் பஸ் சிக்னலில் நின்றிருந்தது. ஜன்னல் வழியாக, பூங்காவின் இரும்பு வேலிக்குப் பக்கத்தில், அக்கா. கைப்பை தோளில். மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அந்த அவசரம், ஞாயிற்றுக்கிழமை நேரமாகிவிட்டால் வருமே, அதே அவசரம். ரோட்டின் நடுவில் யாரும் இல்லை.

"கதவைத் திறங்க!" என்று ஓடினேன்.

"ஸ்டாப்புலதான்மா திறக்க முடியும்" என்றார் டிரைவர். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அதுதான் சட்டம்.

"எங்க அக்கா! அங்க எங்க அக்கா!" கதவைக் கையால் அடித்தேன். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஜன்னலில் முகத்தை வைத்து அக்கா, அக்கா என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. மணிச் சத்தத்தில் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன, ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. டிரைவர் கதவைத் திறந்தபோது அவள் நடைபாதையிலிருந்து காலை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டாள். ஒரு மோட்டார்சைக்கிள்காரன் பிரேக் போட்டது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் சர்ச்சு வாசலில் கை தட்டுவதற்காகக் கூடியிருந்த கூட்டம் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோதும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த மணிக்காரருக்கு எதுவும் தெரியாது. அக்கா தரையில் கிடந்து, கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். "விடுடி, நேரமாச்சு" என்றாள்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. "ஆபரேஷன் பண்ண இவங்க இதயம் தாங்காது" என்றார் டாக்டர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்கு மருந்து தரேன். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, எழுந்திரிக்க விடாதீங்க. எழுந்தா எலும்பு இன்னும் விலகும், உயிரே போற மாதிரி வலிக்கும்."

நான் ஆசைப்பட்டது நடந்தது. அக்கா வீட்டில் இருந்தாள். எங்கேயும் போகவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் உதவி வெள்ளமாகப் பாய்ந்தது. சர்ச்சு கட்டில் கொடுத்தது. சங்கம் மெத்தை கொடுத்தது. வேகநடைப் பெண்கள் நடையை விட்டுவிட்டு முறை வைத்து வந்து அவளைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள், முதுகைத் துடைத்தார்கள். கண்ணாடிக் கடை முதலாளியிடம் பாஸ்டரே போய்ப் பேசி எனக்கு அரை நாள் வேலை வாங்கித் தந்தார். கொடிக்காரர் தினமும் வந்து வாசற்படியில் உட்காருவார். உள்ளே வரமாட்டார். ஏதாவது வாங்கி வரச் சொன்னால் ஓடுவார், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எனக்கு யாரையாவது பிடித்துக் கிழி கிழி என்று கிழிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாரை? முகம் சுளிக்காமல் அக்காவின் புண்ணைத் துடைக்கிறவளையா? வாசற்படியில் தலை குனிந்து கிடக்கிற அந்த மனுஷனையா? திட்டுவதற்கு ஒரு கெட்டவனாவது வேண்டாமா? எல்லாரும் நல்லவர்களாக இருந்து என் வாயை அடைத்துவிட்டார்கள். ராத்திரி பகலாக நெஞ்சில் கோபம் கிடந்து கொதித்தது, இறக்கி வைக்க இடம் இல்லை.

முதல் ஞாயிறு பாஸ்டர் ஆராதனை முடிந்து வந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தங்கச்சி, சபையில பேசி முடிவு பண்ணிட்டோம். இனி மணி அடிக்கறதில்ல. சத்தம் கேட்டா அக்கா எழுந்திரிக்கப் பாப்பாங்கல்ல? இன்னைக்கே அடிக்கல. எல்லாரும் கடிகாரத்தைப் பாத்து வந்துட்டாங்க. ஒருத்தர்கூட மறுத்துப் பேசல."

சங்கத்துக்காரர்களும், சர்ச்சுப் பக்கமே வராதவர்களும்கூட, இதுதான் சரி என்றார்களாம். மணிக்காரர் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டாராம். என் அக்காவுக்காக ஒரு கோபுரமே வாயை மூடிக்கொண்டது. நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அன்று காலையில் ஆராதனைக்குப் போகிறவர்களின் பேச்சு ஜன்னலில் கேட்டதிலிருந்து அக்கா சாப்பிடவில்லை. வலி என்று நினைத்தேன். மத்தியானம் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மணி அடிச்சாச்சா?"

"இல்லக்கா. இன்னும் அடிக்கல."

"அப்ப ஆராதனை முடியட்டும். அப்புறம் சாப்பிடறேன்."

திங்கட்கிழமையும் அதையே சொன்னாள். செவ்வாய்க்கிழமையும். அவளுக்குக் கிழமையெல்லாம் எப்போதோ போய்விட்டது. மணி அடிக்காத வரைக்கும் அது ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவ்வளவுதான். காலை முழுவதும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கிடப்பாள். தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூடக் கண் விரியும். "இது இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம்.

நான் என்ன செய்யாமல் விட்டேன்? ஆராதனை முடிந்தாயிற்று என்று சொன்னேன். "அடிக்காம எப்படி முடியும்?" என்றாள். போனில் மணிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். எக்ஸ்சேஞ்சில் காதையே பிழைப்பாக வைத்திருந்தவள், ஒரு நொடி கேட்டுவிட்டு, "லைன்ல வேற யாரோ இருக்காங்க. கட் பண்ணுங்க" என்றாள். வேகநடைத் தலைவி கெஞ்சினாள், கொஞ்சினாள், பொய்க் கோபம் காட்டினாள். பாஸ்டர் கட்டிலருகே நின்று ஜெபித்தார். அக்கா பணிவாக ஆமென் சொன்னாள். ஜெபம் முடிந்ததும் அவரிடமே, "ஐயா, இன்னைக்கு ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டாள். பாஸ்டர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

டாக்டரைக் கேட்டேன். "மூக்கு வழியா குழாய் போடலாம். பிடுங்கிடுவாங்க. கையைக் கட்டணும்" என்றார்.

அக்காவின் கன்னம் உள்ளே போய்விட்டது. அவளைப் புரட்டும்போது கையில் எடையே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான் சர்ச்சுக்குப் போனேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு உள்ளே கால் வைக்கிறேன். பாஸ்டரும் செயலாளரும் முன்பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை மணி அடிங்க" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுந்திரிச்சாங்கன்னா?" என்றார் செயலாளர்.

"நான் பிடிச்சுக்கறேன்."

"வலிக்குமே தங்கச்சி."

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். சர்ச்சு முழுவதும் என் குரல் எதிரொலித்தது. "அடிச்சா வலியில சாவா, அடிக்கலேன்னா பட்டினியில சாவா. வேற வழி இருந்தா சொல்லுங்க. நீங்க எல்லாரும் சேந்து ஒரு வழி சொல்லுங்க, கேக்கறேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தேய்த்துக் கொடுத்த லென்ஸ்தான் அது. பாஸ்டர் தலையை மட்டும் அசைத்தார்.

ஞாயிறு காலையில் வேகநடைத் தலைவி வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். அடுப்பில் கஞ்சி சூடாக இருந்தது. கொடிக்காரர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். தோளில் சிவப்புத் துணி. அக்கா விழுந்த அன்றைக்குப் பிறகு அதை இப்போதுதான் பார்க்கிறேன்.

"நான் ரோட்டுல போய் நிக்கறேன் தங்கச்சி."

"எதுக்குண்ணே? அவ கட்டில்ல கெடக்கா."

"தெரியல. மணி அடிக்கறப்ப நான் அங்க நிக்கணும்." சொல்லிவிட்டு நடந்தார்.

முதல் மணி விழுந்தது. அக்காவின் கண் திறந்தது. அவ்வளவு நாள் கூரையைப் பார்த்துக் கிடந்த கண்ணில் உயிர் வந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி அவள் முழங்கையை ஊன்றினாள். நான் தோள் இரண்டையும் பிடித்து அழுத்தினேன். கால்மாட்டில் அந்த அம்மா அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா உடம்பில் எங்கே ஒளிந்திருந்ததோ அத்தனை பலம். இடுப்பைத் தூக்கினாள், ஐயோ என்று ஒரு சத்தம் போட்டாள், அதோடு சரியென்று விடாமல் மறுபடி தூக்கினாள்.

"அக்கா, வேண்டாம்க்கா. படுத்துக்கோ. படுத்துக்கோடி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. ரோட்டில் வழி மறித்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"யாரும்மா நீ? என்னை ஏன் பிடிச்சு வச்சிருக்கே?"

நான் கையை எடுக்கவில்லை.

"என் தங்கச்சியைக் கூப்பிடு. உள்ள தூங்கிட்டு இருப்பா. அவளைக் கூப்பிட்டா என்னைக் கூட்டிட்டுப் போவா." உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, "மிளகா! ஏ மிளகா!" என்று கூப்பிட்டாள். குரல் தேய்ந்து போயிருந்தது. "எழுந்திரிடி! இங்க யாரோ என்னை விட மாட்டேங்கறாங்க!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவள் தோளை அழுத்திக்கொண்டு இருந்தேன். மணி ஓய்ந்ததும் அவளும் ஓய்ந்தாள். கை தளர்ந்து மெத்தையில் விழுந்தது. கண்ணீர் காதுக்குள் வடிந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து, "ஆராதனை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதுங்க."

கஞ்சியைக் கரண்டியில் எடுத்தேன். வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள். கால்மாட்டிலிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாதிக் கிண்ணம் போனபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தில் கோபம் இல்லை. என்மேல் ஏதோ இரக்கம்தான் இருந்தது.

"நீ நல்ல பொண்ணாதான் தெரியறே" என்றாள் மெதுவாக. "என்னைப் பிடிச்சு வச்சதை என் தங்கச்சிகிட்ட சொல்லிடாதே. அவ பொல்லாத கோபக்காரி. தெரிஞ்சா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

"சொல்லலைங்க" என்றேன். அடுத்த கரண்டிக்கு அவள் வாயைத் திறந்தாள்.